ஒட்டன்சத்திரம் தாராபுரம் ரோடு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை: அளந்து பார்த்த பிறகே கை வைக்கிறார்கள்

ஒட்டன்சத்திரத்தில் இருந்து தாராபுரம் போகிற ரோட்டில், ஊர் முடிவதற்குள் நாலைந்து பட்டறைகள் வரிசையாக இருக்கும். டிங்கரிங், பஞ்சர், ஒரு லேத், ஒரு பேட்டரி கடை. அந்தப் பேட்டரி கடைக்கு அடுத்த தகரக் கொட்டகைதான் நான் எழுத வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. பெரிய போர்டெல்லாம் கிடையாது. வெளியே எப்போதும் இரண்டு மூன்று பிக்கப் நிற்கும், அதுதான் அடையாளம். உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துக்கொண்டால், காரணம் தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்கி மாட்டாதீர்கள். முதலில் இங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்தக் கடைக்காரர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மீட்டரை எடுக்கிறவர். அந்த ஒரு பழக்கத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுடையது டீசல் பிக்கப். வண்டி என் பெயரில்தான் இருக்கிறது. உள்ளூர் நடைக்கு நான் ஓட்டுவேன், பாலக்காடு, திருச்சூர் நடைக்கு என் கொழுந்தனார். சொந்தக் காட்டு முருங்கையோடு அக்கம்பக்கத்துக் காட்டு முருங்கையையும் சேர்த்து ஏற்றுவோம். முருங்கை போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பறித்த அன்றே மார்க்கெட்டில் இறங்கினால் ஒரு விலை, வதங்கிப் போய் மறுநாள் இறங்கினால் வேறு விலை. வண்டி கிளம்பாமல் நின்றால் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை, என்னை நம்பிக் கட்டு கட்டி அனுப்பிய நாலு வீட்டுக்கும்தான்.

கோளாறு இதுதான். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. டேஷ்போர்டு விளக்கு எரியும், ஹாரன் கணீரென்று அடிக்கும், ஹெட்லைட் பளிச்சென்று இருக்கும். இன்ஜின் மட்டும் சுற்றாது. சில நேரம் மறுபடி திருப்பினால் உடனே எடுத்துவிடும். நாலு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் லோடு ஏற்றின வண்டியை விடியற்காலையில் யார் வந்து தள்ளுவார்கள்?

ஒரு பேட்டரி கடையில் “பேட்டரி போச்சும்மா, மாத்திடுங்க” என்றார்கள். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத பேட்டரி அது. இன்னொரு பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் “செல்ஃப் மோட்டார்தான், இறக்கி ஓவராலிங் பண்ணணும்” என்று, அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டாரைப் பிரித்து வேலை பார்க்க, நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். இரண்டுமே நடக்கக்கூடிய கோளாறுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

தாராபுரம் ரோட்டுக் கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கூட ஒரு பையன் வேலை பழகுகிறான். நானும் கொழுந்தனாரும் சேர்ந்துதான் போனோம். பெரும்பாலான பட்டறைகளில் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆம்பளையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவர் “நேத்து யாரு ஓட்டினது?” என்று கேட்டார். நான்தான் என்றதும் “அப்ப நீங்களே சொல்லுங்கக்கா” என்று என் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தம் ஒன்றா, வரிசையாக வருகிறதா? சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டு வெளிச்சம் மங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? காலையில் குளிர்ந்து நிற்கும்போதா, ஓடி வந்து நிறுத்திய சூட்டிலா? கடைசியாக வண்டியில் யார் கை வைத்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள்? கிளட்ச் பிளேட் மாற்றி இரண்டு மூன்று மாதம் ஆகிறது என்று சொன்னேன். “கியர் பாக்ஸை இறக்கினாங்களா?” என்றார். இறக்கித்தானே கிளட்ச் மாற்ற வேண்டும். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சத்தத்தை எதற்கு அவ்வளவு துருவிக் கேட்டார் என்று பிறகு விளக்கினார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக வரிசையாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டெர்மினல் லூசாக இருக்கும். செல்ஃப் மோட்டார் மேல் இருக்கிற சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்) பிடிக்கப் பார்க்கும், பிடித்ததும் கரண்ட் விழுந்துவிடும், விட்டுவிடும், திரும்பப் பிடிக்கும். அதுதான் அந்த வரிசைச் சத்தம். ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்றுவிட்டால் சொலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குத் தேவையான கரண்ட் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே இறுகிக் கிடக்கிறது. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்கிற வண்டியில் கிளட்ச் பெடல் சுவிட்ச், இப்படி சின்ன வயரிங் பக்கம் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் அது வேறு கதை, டீசல் பக்கம் போக வேண்டும்.

அப்புறம் வேலையில் இறங்கினார். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலா என்று தானே கையால் ஆட்டிப் பார்த்து, டயருக்குக் கட்டை வைத்த பிறகுதான் பையனைச் சாவியிடம் உட்காரவைத்தார். சில இடங்களில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டையும் முட்டவிட்டுப் பார்ப்பார்கள். வண்டி கியரில் இருந்தால் ஆளின் மேலேயே ஏறிவிடும். இவர் அதைச் செய்வதே இல்லை. கேட்டதற்கு “அதெல்லாம் வேண்டாங்க்கா” என்று முடித்துக்கொண்டார்.

முதலில் பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பத்திலும் மீட்டரை வைத்தார். கிளாம்ப்பின் மேல் இல்லை, கம்பத்திலேயே. 12.6 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் இருந்தால் காட்டவேண்டிய கணக்கு அது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஆனால் சும்மா நிற்கும்போது வோல்ட் காட்டுவதை வைத்து நல்ல பேட்டரி என்று சொல்ல முடியாது என்றார். பையனைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. மீட்டர் 12-க்குக் கொஞ்சம் கீழே இறங்கி அங்கேயே நின்றது.

“பாத்தீங்களாக்கா” என்று மீட்டரை என் பக்கம் திருப்பினார். பேட்டரி சொத்தையாக இருந்தால் இந்த இடத்தில் 8-க்கும் 7-க்கும் விழுந்திருக்கும். செல்ஃப் மோட்டார் இறுகியிருந்தாலும் மோட்டார் கரண்ட்டை அள்ளி இழுக்கும், அப்போதும் நன்றாக விழும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. பேட்டரியில் சரக்கு இருக்கிறது, ஆனால் வெளியே போக வழி இல்லை. நடுவில் எங்கேயோ அடைப்பு.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கடையின் உண்மையான திறமை. பெரும்பாலும் எல்லோரும் பிளஸ் வயரைத்தான் பார்ப்பார்கள். இவர் மைனஸ் பக்கம் போனார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தில் வைத்து, இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஒரு இடத்தில் குத்திப் பிடித்தார். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வருகிற வழி, நன்றாக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எங்கள் வண்டியில் 7 வோல்ட்டைத் தாண்டியது. அதாவது பேட்டரி கொடுக்கிற 12-ல் பாதிக்கு மேல் திரும்பி வருகிற வழியிலேயே தொலைந்துபோகிறது. அப்புறம் மைனஸ் கம்பத்துக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் பார்த்தார். அங்கே 0.1. ஆக, பேட்டரியில் இருந்து சேஸிஸ் வரைக்கும் பழுதில்லை. சேஸிஸில் இருந்து இன்ஜினுக்குப் போகிற எர்த் கேபிள்தான் திருடன்.

இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பது தெரியும், ஆனால் அதனால் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் இரும்புத் தொடர்பு இல்லை என்று நான் யோசித்ததே இல்லை. அந்தத் தொடர்பைக் கொடுப்பது தடியான ஒரே ஒரு எர்த் கேபிள். எங்கள் வண்டியில் அது கியர் பாக்ஸ் ஹவுசிங் போல்ட்டில் மாட்டியிருக்கிறது. கிளட்ச் வேலைக்கு கியர் பாக்ஸை இறக்கினார்களா என்று அவர் கேட்டது இதற்குத்தான். அந்த எர்த் கெட்டுவிட்டால் கரண்ட் வேறு வழி தேடுமாம். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் இப்படி கிடைக்கிற மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிப் போகப் பார்த்து, அவற்றைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். செல்ஃப் அடித்த கையோடு அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும் என்றார்.

கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்து காட்டினார். ஜம்ப் கேபிளின் ஒரு வாயைப் பேட்டரி மைனஸிலும் மறு வாயை நேராக இன்ஜினிலும் கடிக்கவைத்தார். சாவியைத் திருப்பினதும் செல்ஃப் உருண்டது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. புதுப் பேட்டரியும் இல்லை, ஓவராலிங்கும் இல்லை. ரோட்டில் நின்றுவிட்டால் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஒரு ஜம்ப் கேபிள் வண்டியில் கிடந்தால் போதும். அன்றிலிருந்து எங்கள் சீட்டுக்கு அடியில் ஒன்று கிடக்கிறது. (வேறு வண்டியில் இருந்து ஜம்ப் எடுக்கும்போதும் கடைசி மைனஸ் வாயை நின்றுபோன வண்டியின் பேட்டரியில் கடிக்கவைக்காமல், தள்ளி இன்ஜின் இரும்பில்தான் மாட்ட வேண்டும். பேட்டரியில் இருந்து வருகிற வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.)

கேபிளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே கறுப்பு உறை நன்றாகத்தான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. பிளேடால் கீறிப் பிரித்ததும், முனையில் போல்ட்டில் மாட்டுகிற லக்கோடு கேபிள் சேருகிற இடத்தில் செம்பெல்லாம் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உருப்படியாக ஐந்தாறு இழைதான் மிச்சம். லக் உட்கார்ந்திருந்த இடத்தில் சேறும் பழைய பெயின்டும் அப்பியிருந்தன. கிளட்ச் மாற்றியவர்கள் துடைக்காமல் அப்படியே முறுக்கிவிட்டிருக்கிறார்கள். கட்டு வாடாமல் இருக்கத் தெளிக்கிற தண்ணீர், கேரளா மழை, வாட்டர் சர்வீஸ் என்று எங்கள் வண்டிக்கு அடியில் ஈரம் காய்வதே இல்லை. செம்பு அரிக்க வேறென்ன வேண்டும்.

கழற்றிய கேபிளை மீட்டரில் ‘பீப்’ சத்தம் கேட்கிற சோதனையில் வைத்தும் காட்டினார். நல்லது என்றே பீப் அடித்தது! அந்தச் சோதனைக்கு மீட்டர் அனுப்புகிற கரண்ட் துளியூண்டு, அதற்கு ஒரு இழை போதும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். சொட்டுநீர்க் குழாயில் வால்வை மூடியிருக்கும்போது பிரஷர் முழுசாகக் காட்டும், திறந்துவிட்டால்தான் அடைப்பு தெரியும். அதே கதைதான் இதுவும். ஹாரனும் ஹெட்லைட்டும் நன்றாக வேலை செய்ததற்கும் காரணம் புரிந்தது. ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் கொஞ்சம், அதற்கு எர்த்தும் சேஸிஸில் இருந்தே கிடைக்கிறது. ஹாரன் அடிக்கிறது, அதனால் பேட்டரி லைன் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ரிப்பேர் கொஞ்ச நேரத்து வேலைதான். தடிமனான புதுச் செம்பு கேபிளை அளவெடுத்து வெட்டினார். இரண்டு முனையிலும் லக் வைத்துச் சுத்தியலால் அடித்து நசுக்காமல், கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்தினார். மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். கியர் பாக்ஸிலும் சேஸிஸிலும் லக் உட்காருகிற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, முறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவினார். தடவிவிட்டு முறுக்கவில்லை, முறுக்கிவிட்டுத் தடவினார். இந்த வரிசை முக்கியம் என்று பையனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அதோடு விட்டுவிடவில்லை. மறுபடி எல்லாவற்றையும் அளந்தார். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் மைனஸுக்கும் நடுவில் 0.2. பேட்டரி இப்போது 10.4 வரை இறங்கியது, இப்போதுதான் மோட்டார் தன் பங்கை முழுசாக எடுக்கிறது என்று அர்த்தம். 9.6-க்குக் கீழே போகாதவரை பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வந்தது, ஆகவே டைனமோவும் நன்றாகச் சார்ஜ் கொடுக்கிறது. கேபிள், லக்கெல்லாம் 650, கூலி 400, செக் செய்ததற்கு 200, மொத்தம் 1,250 ரூபாய். செக் செய்வதற்குத் தனியாகக் காசா என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த 200 ரூபாய்தான் இருப்பதிலேயே நியாயமான கணக்காகத் தெரிகிறது. கண்டுபிடிப்பதற்குக் கூலி வாங்குகிறவருக்கு, தேவையில்லாத பாகத்தை நம் தலையில் கட்டிச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய கேபிளையும் கையோடு கொடுத்து அனுப்பினார்.

என் பெரியப்பா மகன் வண்டியையும் இங்கே அனுப்பினேன். அண்ணன் வடகாடு, பாச்சலூர் மலையில் இருந்து காய் இறக்குகிறவர், பழைய மாடல் பிக்கப். ராத்திரி மலையில் சரிவில் நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றும். குளிர்தான் காரணம், ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினுக்குள் சூடு கொடுக்கிற ஹீட்டர் பிளக் போயிருக்கும் என்று அண்ணன் முடிவே கட்டியிருந்தார். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி கிடையாது, அழுத்தத்தில் சூடேறுகிற காற்றில்தான் டீசல் பற்ற வேண்டும், அதனால் அண்ணன் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. கடைக்காரர் கிளாம்ப் மீட்டரை ஹீட்டர் பிளக் வயரில் மாட்டிப் பார்த்தார், கரண்ட் நன்றாகப் போனது. பம்ப்பில் டீசலைத் திறந்துவிடுகிற சொலினாய்டையும் பார்த்தார், அதுவும் சரி. அப்புறம் டீசல் ஃபில்டர் மேல் இருக்கிற ஹேண்ட் பிரைமரை (டீசலை ஏற்றுகிற கைப் பம்ப்) அமுக்கினார். லைனில் டீசல் நிறைந்திருந்தால் அமுக்க அமுக்கக் கெட்டிப்பட வேண்டும், இது தொளதொளவென்று இருந்தது. “ஏர் எடுக்குதுண்ணே. இது என் வேலை இல்ல, டீசல் மெக்கானிக்கிட்ட போங்க, டேங்க்ல இருந்து ஃபில்டர் வர்ற ஓஸைப் பாக்கச் சொல்லுங்க” என்று 200 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். ஓஸில் கிளாம்ப் கடிக்கிற இடத்தில் மயிரிழை வெடிப்பு. ராத்திரி நிற்கும்போது காற்று புகுந்து டீசலெல்லாம் டேங்க்குக்கே திரும்பிப் போயிருக்கிறது. தனக்குத் தெரியாத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதது பெரிய விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஸ்கேனர் வைத்துப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார் பக்கம் கோளாறு என்றால் இவரால் ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். வேலையில் இருக்கும்போது போனை எடுப்பதே இல்லை. ரோட்டில் நின்றுபோன வண்டிக்கு டவுனைத் தாண்டி வரமாட்டார், இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். பில் கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் கையால் எழுதின சீட்டு. காத்திருக்க ஒரு பெஞ்சு உண்டு, ஆனால் பெண்களுக்குக் கழிவறை கிடையாது, பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியிருக்கிறது. என்னை மாதிரி வண்டியோடு வருகிற பெண்கள் இப்போது கூடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாலைந்து பட்டறைக்காரர்களும் சேர்ந்தாவது ஒன்று கட்டிவைக்க வேண்டும். இதை அவரிடம் நேரிலேயே சொன்னேன், மறுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போனால் முதல் வண்டியாகப் பார்ப்பார், பதினொரு மணிக்கு மேல் வரிசை சேர்ந்துவிடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டு. லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் கொண்டுபோங்கள். வண்டியை ஓட்டுகிறவரே கூடப் போங்கள். கடைசியாக என்ன வேலை, எந்த மாதம் பார்த்தது என்று கேட்பார், தேதி ஞாபகம் இல்லையென்றால் பழைய பில்லை எடுத்துப் போங்கள்.